பதினெட்டு நகம்

கணக்கு ஒன்று போடுவோம். கடினமான கணக்கல்ல, தெருமுனையில் கடலை விற்கும் பாட்டி விரல் மடக்கிச் சொல்லிவிடக்கூடிய கணக்குதான்.

சிறுத்தைக்கு நகம் எத்தனை? முன்னங்கால் ஒவ்வொன்றிலும் ஐந்து. பின்னங்கால் ஒவ்வொன்றிலும் நான்கு. ஆகப் பதினெட்டு. புலிக்கும் அதே பதினெட்டுதான்.

2000ஆம் ஆண்டு, சனவரித் திங்கள். உத்தரப்பிரதேசம், பதேபூர் மாவட்டத்திலே காகா என்றொரு சிற்றூர். சட்டத்துக்குப் புறம்பாகத் தோல் பதனிட்டு வந்த கொட்டடிகளுக்குள்ளே அதிகாரிகள் நுழைந்தார்கள். சிறுத்தைத் தோல் 70 இருந்தது. புலித்தோல் 4 இருந்தது. புலி நகம் 132 இருந்தது. தோல் நான்கு, நகமோ ஏழு புலிக்கு மேல்! அது கிடக்கட்டும். சிறுத்தை நகம் எவ்வளவு தெரியுமா? 18,080!

பதினெட்டால் வகுத்துப் பாருங்கள். ஆயிரத்து நான்கு வருகிறது, எட்டு மிச்சம். ஆயிரத்து நான்கு சிறுத்தைகளின் நகம் முழுதாக. ஆயிரத்து ஐந்தாவது சிறுத்தையின் நகத்திலே எட்டு! ஓர் ஊரிலே, ஒரு சோதனையிலே, கைக்கு அகப்பட்டது இவ்வளவு. தோல் எழுபதுதான் இருந்தது என்றால், மீதம் தொள்ளாயிரத்துக்கு மேற்பட்ட தோல்கள் எங்கே? நடந்தா போயின? பறந்தா போயின?

தோல் தொழில் நமக்குப் புதிதல்ல. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் இராணிப்பேட்டையிலும் சுண்ணாம்புத் தொட்டியிலே கால் வெந்து, சாயத்திலே கை கருத்து, ஆட்டுத் தோலும் மாட்டுத் தோலும் பதனிட்டு வயிறு வளர்க்கிற பாட்டாளி நம்முடைய ஆள். அவன் செய்வது தொழில். காகாவிலே நடந்தது களவு. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைத் தோழர்களுக்கு நாம் விளக்கத் தேவையில்லை.

விளக்க வேண்டியது வேறொன்று. இந்தக் களவிலே மூன்று பேர் உண்டு. கொன்றவன் ஒருவன். கொண்டுபோனவன் ஒருவன். கொண்டு கொடுத்ததைக் காசு வீசி வாங்கிக்கொண்டவன் ஒருவன். செய்தித்தாளிலே படம் வருகிறதே, தரையிலே விரித்த தோலுக்குப் பின்னால் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் உருவம், அது இந்த மூவரில் யார் என்று பார்த்திருக்கிறீர்களா? எப்போதும் முதல் ஆள். எப்போதாவது இரண்டாம் ஆள். மூன்றாம் ஆளின் படம் வருவதேயில்லை. வந்தால், அது அவன் வீட்டுத் திருமணப் படமாகத்தான் வரும்!

முதல் ஆளிடமிருந்தே தொடங்குவோம்.

புலி நடக்கும் தடத்திலே இரும்புப் பொறி புதைக்கிறான். பற்களுள்ள பொறி. இரவிலே வருகிற புலி கால் வைத்ததும் கவ்விக்கொள்கிறது. துப்பாக்கி வைத்திருந்தாலும் சுடமாட்டான். சத்தம் காட்டிக்கொடுக்கும் என்பது ஒன்று. தோலிலே துளை விழுந்தால் விலை விழுந்துவிடும் என்பது இன்னொன்று. ஆகவே, காலை இழுத்துக்கொண்டு உறுமும் விலங்கின் திறந்த வாய்க்குள்ளே ஈட்டியைச் செருகுகிறான். அல்லது தடிகொண்டு தலையில் அடிக்கிறான். சில இடங்களிலே கொன்றுபோட்ட இரைமீது நஞ்சு. சில இடங்களிலே மின்கம்பியிலிருந்து திருட்டு இணைப்பு. பிறகு உரிப்பு. தோல் தனி, எலும்பு தனி, நகம் தனி, பல் தனி. மீசை மயிரைக்கூட விடுவதில்லை.

கொடுமை! மறுக்கவில்லை. தண்டனை வேண்டும், அதையும் மறுக்கவில்லை. ஆனால் இவன் யார்? பெரும்பாலும் ஒருபிடி நிலமில்லாதவன். ஊர் ஊராகக் கூடாரம் போட்டுத் திரிகிறவன். வடக்கே இந்த வேலைக்குப் பிடிபடுகிறவர்களில் பலர், வெள்ளைக்காரன் 1871இல் இயற்றிய குற்றப் பரம்பரைச் சட்டத்தால் பிறவியிலேயே திருடன் என்று முத்திரை குத்தப்பட்ட கூட்டத்தின் பேரப்பிள்ளைகள். அந்தச் சட்டம் என்ன செய்யும் என்பதை 1920இல் பெருங்காமநல்லூர் மண் குருதியால் எழுதி வைத்திருக்கிறது. சட்டம் போய்விட்டது. முத்திரை போனதா? நிலம் வந்ததா? வேலை வந்ததா? வேட்டை ஒன்றைத் தவிர வேறெதுவும் கற்றுக்கொடுக்காத குடும்பத்திலே பிறந்தவனிடம், கோட்டு அணிந்த தரகன் வந்து முன்பணத்தை நீட்டுகிறான். அவனுக்குக் கிடைப்பது கூலி. தோல் கைமாறக் கைமாற, விலை ஏறுகிறது. நெல்லிலே நடப்பதும் இதுதான், கைத்தறியிலே நடப்பதும் இதுதான்; விளைவித்தவனுக்கு ஒரு விலை, விற்றவனுக்கு ஒன்பது விலை!

இரண்டாம் ஆளுக்கு வருவோம். அவனுக்குப் பெயரே உண்டு: சன்சார் சந்த். தில்லியிலே இருந்தவன். 1974இல், பதினாறு வயதிலேயே, 680 தோல்களோடு பிடிபட்டான். 680! மீசை முளைக்கும் வயதிலே மொத்த வியாபாரம். அதற்குத் தண்டனை வந்த ஆண்டு எது? 1982. எவ்வளவு? ஒன்றரை ஆண்டு. அதற்குப் பிறகும் வழக்குமேல் வழக்கு, பிணைமேல் பிணை. வழக்குகள் ஐம்பதைத் தாண்டின. வியாபாரம் நிற்கவில்லை.

2003ஆம் ஆண்டு சனவரியிலே இராசத்தானத்தில் பில்வாரா ரயில் நிலையத்திலே, சேத்தக் விரைவு வண்டியில் வந்த ஓர் ஆளைப் பிடித்தார்கள். சிறுத்தைத் தோல் இருந்தது. பிடிபட்டவன் வெறும் சுமைகூலி. வழக்கமாக அங்கேயே கதை முடிந்திருக்கும். அந்த ஒருமுறை, நூலைப் பிடித்துக்கொண்டு மேலே போனார்கள். நூலின் நுனியிலே சன்சார் சந்த் இருந்தான். 2004இல் ஐந்தாண்டு தண்டனை. 2010இல் உச்சநீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2014இல் அவன் செத்துப்போனான். இடையிலே 2006இல், மத்தியப் புலனாய்வுத் துறையினரிடம் அவன் சொன்ன கணக்கு ஏடுகளிலே வெளிவந்தது: நேபாளத்தையும் திபெத்தையும் சேர்ந்த நான்கே நான்கு வாடிக்கையாளருக்கு 470 புலித்தோல், 2,130 சிறுத்தைத் தோல்!

நான்கு வாடிக்கையாளர். நானூற்று எழுபது புலி. 2006ஆம் ஆண்டு எடுத்த கணக்கெடுப்பின்படி இந்தியா முழுவதற்கும் இருந்த புலி எவ்வளவு? 1,411. நாட்டிலே எஞ்சியிருந்த புலிகளில் மூன்றில் ஒரு பங்குக்கு ஈடான தொகையை, நான்கு பேருக்கு விற்றிருக்கிறான் ஒருவன்.

இத்தனை நடக்கும்போது அரசு என்ன செய்துகொண்டிருந்தது? சட்டம் இல்லையா? இருந்தது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இல் வந்தது. புலிகள் பாதுகாப்புத் திட்டம் 1973இல் வந்தது. காடு இருந்தது, காவல் இருந்தது, கணக்குப் புத்தகமும் இருந்தது. இராசத்தானத்திலே சரிஸ்கா என்றொரு புலிகள் காப்பகம். 2004ஆம் ஆண்டு அதிகாரப்பூர்வக் கணக்கிலே அங்கே புலி பதினாறுக்குக் குறையவில்லை. 2005இல் புலனாய்வுத் துறை போய்த் தேடிப் பார்த்தது. ஒன்றுகூட இல்லை! ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள் நம் ஊரிலே. சரிஸ்காவிலே ஏட்டுப் புலி காட்டுக்கு உதவவில்லை. கால்தடத்தைக் காகிதத்திலே வரைந்து, ஒரே புலியின் தடத்தை இரண்டு புலியாக எண்ணி, மேலதிகாரியின் மனம் குளிர எழுதி வைத்த புலிகள், கண்ணியிலே மாண்ட புலிகளைவிட நீண்ட நாள் உயிரோடு இருந்தன! பிறகு 2008இல் இரந்தம்பூர்க் காட்டிலிருந்து ஹெலிகாப்டரிலே புலியை ஏற்றிக்கொண்டு போய் அங்கே விட்டார்கள். 2009இல் மத்தியப்பிரதேசத்துப் பன்னாவிலும் இதே கதை. அங்கேயும் ஒன்றுமில்லாமல் போய், வெளியிலிருந்து கொண்டுவந்து விட நேர்ந்தது.

இனி மூன்றாம் ஆள். வாங்குகிறவன். நமக்கு முக்கியமானவன் இவன்தான். ஏனென்றால், வாங்குகிறவன் கை நீளாத வரையில் தரகன் கை நீளாது; தரகன் கை நீளாத வரையில் காட்டிலே பொறி விழாது.

காகாவிலே காணாமற்போன தோல்களைப்பற்றிக் கேட்டோமே, அவை போகும் பாதை 2003ஆம் ஆண்டு அக்டோபரிலே அம்பலமானது. திபெத்திலே சாங்சாங் என்னும் சோதனைச் சாவடியில் ஒரே பிடியில் 31 புலித்தோல், 581 சிறுத்தைத் தோல், 778 நீர்நாய்த் தோல் அகப்பட்டன. யாருக்கு? திபெத்தியர் திருவிழாக்களிலே அணியும் அங்கிக்கு ஓரம் வைத்துத் தைக்க! குதிரைப் பந்தயத் திருவிழாவிலே யார் அங்கியில் புலித்தோல் அகலம் என்று போட்டி. பெருமை! நம் ஊர்ப் பண்ணையார் வீட்டுக் கூடத்திலே சுவரில் மாட்டிய புலித்தலைக்கும் அதற்கும் என்ன வேறுபாடு? இவர் சுவரில் மாட்டினார், அவர் தோளில் மாட்டினார்.

அந்தச் சந்தை எப்படிக் கவிழ்ந்தது என்பதைத்தான் தோழர்கள் கவனிக்க வேண்டும். படை போகவில்லை. சட்டம் புதிதாக வரவில்லை. 2006ஆம் ஆண்டு சனவரியிலே, ஆந்திரத்து அமராவதியிலே ஒரு பெரும் பௌத்த விழா. திபெத்திலிருந்தும் பல்லாயிரம் பேர் வந்திருந்தனர். தலாய் லாமா அவர்களைப் பார்த்து, நீங்கள் தோல் அணிந்து நிற்கும் படங்களைப் பார்த்து வெட்கப்படுகிறேன் என்ற பொருளிலே பேசினார். விழா முடிந்து ஊர் திரும்பியவர்கள் என்ன செய்தார்கள்? பல ஊர்களில் நடுத்தெருவிலே தீ மூட்டி, பரம்பரையாக வைத்திருந்த அங்கிகளையும், கடன்பட்டு வாங்கிய தோல்களையும் எறிந்து கொளுத்தினார்கள். எரிக்காதே என்று சீன அதிகாரிகள் தடுத்துப் பார்த்தார்கள். கொள்வாரில்லாமல் தோல் கடைகளிலே தேங்கியது.

மதத் தலைவர் சொன்னதால்தானே செய்தார்கள், தம் அறிவால் செய்யவில்லையே என்று நம் பகுத்தறிவுத் தோழர் ஒருவர் நம்மிடம் குறைப்பட்டுக்கொண்டார். உண்மைதான். அறிவால் செய்திருந்தால் இன்னும் மகிழ்ந்திருப்போம். ஆனால் நல்லதைச் சொன்ன வாய் எது என்று பார்த்துக்கொண்டிருந்தால், எரிய வேண்டியது எரியாது. சட்டத்தால் முப்பதாண்டு ஆகாதது, வாங்குகிறவனுக்கு வெட்கம் வந்ததும் சில திங்களில் ஆனது.

தோல் அங்கே போயிற்று என்றால், எலும்பு எங்கே போயிற்று? சீனத்துக்கு. புலி எலும்பை மதுவிலே ஊறவைத்துக் குடித்தால் மூட்டுவலி போகும், வலிமை வரும் என்று அங்கே நெடுநாளைய நம்பிக்கை. வியட்நாமிலே எலும்பை நாட்கணக்கில் கொதிக்க வைத்துப் பசையாக்கிக் கட்டி கட்டியாக விற்கிறார்கள். எலும்பிலே என்ன இருக்கிறது? சுண்ணாம்புச் சத்தும் புரதமும் இருக்கின்றன. ஆட்டு எலும்பிலே இருப்பதும் அதேதான். புலி பாய்கிறது என்றால் பாய்ச்சல் எலும்பிலேயா ஊறிக் கிடக்கிறது? அப்படியானால் முயல் கறி தின்றவனெல்லாம் ஓட்டப் பந்தயத்திலே பரிசு வாங்கியிருக்க வேண்டுமே!

சீன அரசே 1993இல் புலி எலும்பு வாணிபத்தைத் தடை செய்து, மருந்து நூலிலிருந்தும் அதை எடுத்துவிட்டது. அதற்குப் பதிலாக அங்கே ஒப்புதல் பெற்ற பொருள்களிலே ஒன்று எது தெரியுமா? மேட்டுநிலங்களில் மண்ணுக்குள் வளை தோண்டி வாழும் ஒருவகை எலியின் எலும்பு! புலி செய்த வேலையை எலி செய்யும் என்றால், புலியின் பெருமை எங்கே போயிற்று? நாம் கேலிக்குச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்லுகிறோம்.

தடை ஒரு பக்கம். இன்னொரு பக்கம், கோழிப் பண்ணைபோலப் புலிப் பண்ணை! ஐயாயிரத்துக்கு மேற்பட்ட புலிகள் சீனத்திலே கூண்டுகளில் இருப்பதாகக் கணிக்கிறார்கள். உலகக் காடுகளிலே இருக்கும் புலிகள் மொத்தமும் ஏறக்குறைய அவ்வளவுதான். பண்ணை முதலாளிகள் ஒரு வாதம் வைக்கிறார்கள்: “நாங்கள் வளர்த்து விற்றால் காட்டுப் புலி தப்பிக்குமே!” இனிக்கிற பேச்சு. ஆனால் கூண்டுப் புலிக்கு ஆண்டுக்கணக்கில் இறைச்சி போட வேண்டும்; காட்டுப் புலிக்கு ஒரு பொறி போதும். எது மலிவு? மேலும், காட்டுப் புலியின் எலும்புக்கே வீரியம் என்று வாங்குகிறவன் நம்புகிறான். பாட்டிலுக்குள்ளே இருப்பது பண்ணை எலும்பா, நம் மலை எலும்பா என்று எந்த அதிகாரி பிரித்துச் சொல்வார்? கள்ளச் சரக்கை மறைக்க நல்ல சரக்குத்தான் ஏற்ற போர்வை. இதனால்தான், உடலுறுப்பு வாணிபத்துக்காகப் புலி வளர்க்கக்கூடாது என்று அழிவுநிலை உயிர்களின் வாணிபத்தைக் கட்டுப்படுத்தும் உலக உடன்படிக்கை நாடுகள் 2007இல் முடிவெடுத்தன. ஆயினும் 2018 அக்டோபரிலே, பண்ணைப் புலியின் எலும்பை மருத்துவத்துக்குப் பயன்படுத்தலாம் என்று சீன அரசு ஆணையிட்டது. உலகெங்கும் கண்டனம் எழுந்தது. அடுத்த திங்களே, தள்ளி வைக்கிறோம் என்றது. கைவிட்டோம் என்று சொல்லவில்லை. தள்ளி வைத்தோம் என்றது.

வியட்நாமின் நிகே ஆன் மாநிலத்திலே 2021 ஆகஸ்டில் போலீசார் சில வீடுகளுக்குள் புகுந்தபோது, நிலவறைகளிலே பதினேழு புலிகள் இருந்தன. குட்டிகளல்ல, வளர்ந்த புலிகள். மீட்ட பிறகு அவற்றில் எட்டு செத்துவிட்டன.

திபெத்தானை இகழ்ந்தோம், சீனனைக் கேலி செய்தோம், வியட்நாமியனைக் குறை கூறினோம். கைதட்டல் கிடைக்கும். மேடையை விட்டு இறங்கும்முன் நம் வீட்டுத் தொட்டிலையும் கொஞ்சம் எட்டிப் பார்ப்போமா?

குழந்தையின் கழுத்திலே, தங்கப் பூண் கட்டிய புலி நகம்! பயம் தெளியுமாம். கண்ணேறு படாதாம். பெரியவர்களானால் இரட்டை நகம், வில்போல வளைத்துக் கட்டி, சட்டையின் மேல் பொத்தானைத் திறந்துவிட்டுக்கொண்டு வருகிறார்கள். முறத்தாலே புலியை விரட்டினாள் தமிழ்ப்பெண் என்று மேடைக்கு மேடை முழங்குகிறோமே, அவள் பேரனுக்கா இருட்டைக் கண்டு பயம்? அவனுக்கா செத்த புலியின் நகம் காவல்?

நகைக்கடையிலே இது எப்படி நடக்கும் என்று எண்ணிப் பார்த்தோம்.

“பையன் ராத்திரியில அலறுறான். நல்லதா ஒரு புலி நகம் வேணுமே, ஆசாரி.”

“அசல்தாங்க. மலையிலேருந்து வந்தது. விலைதான் கொஞ்சம் கூட.”

“விலையைப் பத்தி என்ன, அசலா இருந்தாச் சரி.”

அசலாம்! சந்தையிலே புலி நகம் என்று விற்பதில் ஏராளமானவை, மாட்டுக் கொம்பையும் குளம்பையும் சீவி மெருகேற்றியவை. அந்தப் போலி நகம் கட்டிய பிள்ளையும் நாலு மாதம் போனால் அலறாமல் தூங்குகிறான். தந்தைக்கு மகிழ்ச்சி. இப்போது சொல்லுங்கள், பயத்தைத் தெளிய வைத்தது புலியா, மாடா? போலி போதும் என்று ஊர் சொல்லுவதுமில்லை. அசல் தேடிக் கேட்கிற ஒவ்வொரு கேள்வியும் காகாவிலே ஒரு குவியலாகச் சேருகிறது.

சங்ககாலத்திலேயே புலிப்பல் தாலி உண்டே, இது தமிழர் மரபாயிற்றே என்று புலவர் ஒருவர் எழுந்து கேட்கலாம். உண்டு, புலவரே; மறுப்பாரில்லை. அன்று புலி நிறைந்த காட்டுக்கு நடுவே மனிதன் ஒதுங்கி வாழ்ந்தான். இன்று மனிதர் நிறைந்த நாட்டுக்கு நடுவே புலி ஒதுங்கி வாழ்கிறது. 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலே தமிழ்நாடு முழுவதற்கும் 306 புலி. ஒரு கல்யாணக் கூட்டத்துக்குக்கூடக் காணாது!

சட்டமும் இந்த மரபை ஒப்புக்கொள்வதில்லை. நகம் ஒன்று வைத்திருப்பதே குற்றம். உரிமைச் சான்று இல்லாவிட்டால், சட்டத்துக்குப் புறம்பாகவே வைத்திருக்கிறாய் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். அப்படியல்ல என்று காட்டும் பொறுப்பு வைத்திருப்பவனுடையது. 2022இல் திருத்திய சட்டப்படி புலி, சிறுத்தை தொடர்பான குற்றத்துக்குக் குறைந்தது மூன்றாண்டு, அதிகம் ஏழாண்டு. தண்டம் இருபத்தைந்தாயிரத்துக்குக் குறையாது. 2023 அக்டோபரிலே பெங்களூரில் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றிலே கலந்துகொண்ட ஒருவர், கழுத்திலே புலி நகத்தோடு நாடே பார்க்கத் தோன்றினார். வனத்துறையினர் போட்டி நடந்த இடத்துக்கே போய்க் கைது செய்தார்கள். அதன்பிறகு கன்னட நாட்டிலே இன்னும் பல பெரிய மனிதர்களின் கழுத்தைப்பற்றிப் புகார்கள் கிளம்பின. சங்கிலிகள் சட்டைக்குள்ளே போயின. மூன்றாம் ஆளின் படம் வருவதேயில்லை என்றோமே, அந்த ஒருமுறை வந்தது. எப்படி வந்தது? தாமே போய்ப் படமெடுக்கும் கருவிக்கு முன்னால் நின்றதால்!

நம் மலைகளிலே புலி பெருகியிருக்கிறது. 2006இல் 76, 2022இல் 306. மகிழ்ச்சி. ஆனால் புலி பெருகினால் பொறியும் தேடிக்கொண்டு வரும். 2023இல் சத்தியமங்கலம் பக்கம் வடமாநிலத்தவர் சிலர் புலித்தோலும் எலும்புமாகப் பிடிபட்டார்கள். எங்கிருந்து எங்கே வந்திருக்கிறது கண்ணி என்று பாருங்கள்.

அந்தக் காட்டுக்குள்ளே பொறியைத் தேடி நடப்பவர் யார்? வேட்டைத் தடுப்புக் காவலர். பெரும்பாலோர் மலைவாழ் பழங்குடியினர்; இருளர், குறும்பர், காணிக்காரர், காடர் வீட்டுப் பிள்ளைகள். மழையிலே அட்டை கடிக்க, கோடையிலே காட்டுத்தீயோடு மல்லுக்கட்ட, நாளெல்லாம் நடை. யானை எதிர்ப்பட்டாலும் கையிலே கம்பும் விளக்கும்தான். இவர்களிலே ஆண்டுக்கணக்கில் தொகுப்பூதியத்திலேயே காலந்தள்ளியவர்கள் எத்தனையோ பேர். நிரந்தரம் கேட்டு மனு, மனுவுக்குப் பதில் கேட்டு இன்னொரு மனு.

வேட்டைக்காரனுக்குத் தரகன் முன்பணம் கொடுக்கிறான், குறித்த நாளிலே கொடுக்கிறான். காவல்காரனுக்குக் கூலி குறித்த நாளிலே போகிறதா, போதுமான அளவு போகிறதா என்று மலையோரத்துத் தோழர்கள் கேட்டு எழுதுங்கள். முதுமலை, ஆனைமலை, களக்காடு முண்டந்துறை, சத்தியமங்கலம், திருவில்லிபுத்தூர் மேகமலை என்று காப்பகம் ஐந்து இருக்கின்றன, ஐந்திலிருந்தும் எழுதுங்கள். வரும் கடிதங்களை இந்தப் பக்கத்திலேயே வெளியிடுவோம்.